புதுப்பிப்பு: மெழுகுப் பாளம் உடைகிறது

தங்கச்சிமடத்தில் வீட்டிலேயே மெழுகுவத்தி வார்க்கிறோம், பாரபின் பாளத்தை எப்படித் துண்டாக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். சுத்தியல், ரம்பம், சூடான கத்தி என்று ஆளுக்கொரு யோசனை சொன்னீர்கள். இப்போதைய நிலவரம் இது.

சூடான கத்தி சரிப்படவில்லை. ஒரு விரற்கடை இறங்குவதற்குள் ஆறி, உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. ரம்பம் வெட்டும், ஆனால் பல்லெல்லாம் மெழுகு அப்பிவிடும். சுத்தியல்தான் சரி, அதுவும் பாளம் குளிர்ந்திருந்தால் மட்டும். நம் ஊர் மத்தியான வெக்கையில் அடித்தால் பள்ளம்தான் விழும்.

பக்கத்து வீட்டு மீன் வியாபாரி அண்ணன்தான் வழி சொன்னார்: "மீனுக்குப் போடுற ஐஸ் இருக்கே, அதுல புதைச்சு வை." பாளத்தை பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஐஸுக்குள் வைத்தோம். அப்புறம் எடுத்து, துடைத்து, தார்ப்பாயில் கிடத்தி, ஓரத்தில் உளியை நிறுத்தி ஒரு போடு. சடக்கென்று பிளந்தது. பிளந்த முகம் வெள்ளை வெளேரென்று, விளிம்பு கையைக் கீறும் அளவுக்குக் கூர்மை. (மீன் வாடை ஒட்டுமோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். ஒட்டவில்லை.)

துடைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஈரத் துண்டு உருகிய மெழுகில் விழுந்தால் தெறித்துக் கையைச் சுடும். தூளாக்கவும் தேவையில்லை. எங்களுடையது 58–60 டிகிரியில் உருகும் ரகம், கொதிநீருக்குள் வைத்த சட்டியிலேயே முஷ்டி அளவுத் துண்டும் கரைந்துவிடும். சிதறிய தூள் அடுத்த வார்ப்புக்கு ஆச்சு.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குள் இன்னொரு தொல்லை தீர வேண்டும்: திரி நடுவில் நிற்க மாட்டேன் என்கிறது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.