மறு: மேஷ், வோர்ட் - ஊறலா, துழவையா?

எல்லாருக்கும் வணக்கம்.

பீர் காய்ச்சும் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில், மேஷ் (வெந்நீரில் ஊறும் தானியக் கலவை) என்பதற்கு ஊறல் என்றே வைத்துவிடலாம் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். ஊறல் நல்ல சொல்தான், ஆனால் அது ஏற்கெனவே வேலையில் இருக்கிற சொல். 'சாராய ஊறல் அழிப்பு' என்று பேப்பரில் வருகிறதே, அந்தப் பேரலில் இருப்பது புளித்துக்கொண்டிருக்கும் சரக்கு. பீர் காய்ச்சுபவர் மேஷ் என்பது அதற்கு ஒரு கட்டம் முன்னால். முளைகட்டி, உலர்த்தி (இதுதான் மால்ட்), உடைத்த பார்லியை 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வைக்கிறார்கள், அங்கே ஈஸ்ட்டுக்கு வேலையே இல்லை, தானியத்திலேயே இருக்கிற நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. சூடு மேலே போனால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை அதிகம் மிஞ்சி பீர் கனமாக நிற்கும், கீழே இருந்தால் இனிப்பு குறைந்து லேசாக இருக்கும். இதையும் ஊறல், அப்புறம் புளிப்பதையும் ஊறல் என்றால் செய்முறை எழுதும்போது மாட்டிக்கொள்வோம். ஊறலைப் புளிக்கும் கட்டத்துக்கே விட்டுவிடுங்கள்.

மேஷுக்கு என் ஓட்டு துழவை. பெரும்பாணாற்றுப்படையில் இருக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்ததற்குத்தான் அங்கே துழவை என்று பெயர். அதைப் பிழா என்ற அகன்ற பாத்திரத்தில் ஆற்றி, நல்லடையைக் கலந்து (உரைகாரர்கள் நெல்முளை என்கிறார்கள், அதாவது கிட்டத்தட்ட நெல் மால்ட்), இரண்டு பகல் இரண்டு இரவு கழித்துச் சாடியில் விளையவிடுகிறார்கள். சங்கச் சொல்லைத் தோண்டி எடுத்தால் யாருக்குப் புரியும் என்று கோவை நண்பர் கேட்கிறார். துழாவுதல் யாருக்குப் புரியாது? மாவு கட்டி தட்டாமல் துடுப்பைப் போட்டுக் கிண்டுவதுதான் அந்த நேரத்தில் கையிலிருக்கும் வேலையே.

அதே வரிகளில் இன்னொரு சொல்லும் கிடைக்கிறது, எனக்கு அதுதான் பெரிய லாபம். 'வழைச்சு அற விளைந்த' என்று வருகிறது, வழைச்சு என்றால் இன்னும் முதிராத பச்சைத்தன்மை. புளிப்பு முடிந்த கையோடு குடித்தால் பீரில் பச்சை ஆப்பிள் வாசம் அடிக்கும், அசிட்டால்டிஹைட் செய்கிற வேலை, இன்னும் சில நாள் ஈஸ்ட்டோடு விட்டுவைத்தால் ஈஸ்ட்டே அதைத் தின்று குறைத்துவிடும். கிரீன் பீர் என்று ஆங்கிலத்தில் சொல்வது இதைத்தான். 'பச்சை பீர்' என்று எழுதினால் நிறத்தைச் சொல்கிறோம் என்று நினைப்பார்கள். 'வழைச்சு போகவில்லை, இன்னும் ஒரு வாரம் வை' என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

மேஷிலிருந்து வடித்தெடுக்கும் வோர்ட்டுக்கு, இங்கே ஒருவர் சொன்ன 'மூலமது' வேண்டவே வேண்டாம். அதில் ஒரு சொட்டு ஆல்கஹால் கிடையாது, வெறும் இனிப்புத் தண்ணீர். துழவையிலிருந்து வடிப்பதால் வடிசாறு போதும். மிச்சச் சர்க்கரையும் இறங்கட்டும் என்று மேலே வெந்நீர் தெளித்து வடிக்கிறார்களே, ஸ்பார்ஜ், அதை அலசி வடித்தல் எனலாம். மிஞ்சுவது சக்கை. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் ஹாப்ஸாகவே இருக்கட்டும், நம் ஊரில் விளையாத கொடிக்குப் பெயர் வைக்க நேரம் செலவழிக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் வீட்டில் பீர் காய்ச்ச முடியாது, 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. இந்தச் சொற்கள் தேவைப்படுவது டொராண்டோ, சிட்னி பக்கம் இருக்கும் நம்மவர்களுக்குத்தான். ஆனாலும் சொல் இங்கேயும் கிடக்கிறது. காசிமேட்டில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், 1987இல் கள்ளுக்கடைகளை மூடுவதற்கு முன் ஒரு கடையில் ஊற்றிக் கொடுத்தவர். டிரப் என்கிறார்களே, அடியில் தங்குவது, அதற்கு என்ன சொல்வீர்கள் தாத்தா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "மண்டி. பானைய ஆட்டாம சாய்க்கணும்பா, ஆட்டுன, மண்டி மேல வந்துரும்." பீரைப் பாட்டிலுக்கு மாற்றும்போது செய்முறைப் புத்தகங்கள் அரைப் பக்கம் எழுதுவது இதைத்தான். வண்டல், கசடு, வீழ்படிவு என்று வந்த மற்ற பரிந்துரைகளை நான் கைவிடுகிறேன்.

ஈஸ்ட் சேர்ப்பதற்கு உறையிடுதல். தயிருக்கு உறை ஊற்றுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது, ஆறிய பிறகுதான் ஊற்ற வேண்டும் என்பதும் எல்லாருக்கும் தெரியும், வடிசாற்றுக்கும் அதே கண்டிப்பு, சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். ஈஸ்ட்டுக்கு மதுவம் என்று இலங்கைப் பாடநூல்களில் இருக்கிறது, யாழ்ப்பாணத்து அக்கா சொன்னதும் அதுதான். எனக்குச் சம்மதம்.

அட்டெனுவேஷன், அதாவது சர்க்கரையில் எவ்வளவை ஈஸ்ட் தின்று தீர்த்தது என்ற கணக்கு, அதற்குத்தான் இன்னும் சொல் கிடைக்கவில்லை. ஒப்படர்த்தி (தண்ணீரை 1.000 என்று வைத்து அளக்கும் அடர்த்தி) 1.050இல் தொடங்கி 1.010இல் நின்றால், அந்த 50 புள்ளியில் 40 இறங்கியிருக்கிறது, 80 சதவீதம், ஆல்கஹால் ஏறக்குறைய 5.25 சதவீதம் வரும். 'மெலிவு' என்று யாரோ போட்டிருந்தீர்கள், அது பீரே தண்ணீராகிவிட்டது போல ஒலிக்கிறது. 'இறக்கம்' என்று வைத்தால், 'இறக்கம் 80' என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போய்விடலாம். இதைவிட நல்லது இருந்தால் போடுங்கள், மது என்று தொடங்குவது மட்டும் வேண்டாம்.