வைல்ட் தைம்: தமிழில் என்ன எழுதுவது?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, ஐரோப்பியப் புல்வெளிச் செடிகள் பற்றிய சிறுவர் நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வைல்ட் தைம் மட்டும் பெயரில்லாமல் நிற்கிறது. 'காட்டு ஓமம்' எனலாமா?

தாவரவியல் ஆசிரியர்:
கூடாது. ஓமம் சீரகத்தின் குடும்பம். தைம் துளசியின் குடும்பம். இரண்டிலும் தைமால் என்னும் மணப்பொருள் இருப்பதால் மணம் ஒத்துப்போகிறது, அவ்வளவே. இதன் தாவரப்பெயர் தைமஸ் செர்பில்லம். பின்பாதியின் கிரேக்க வேருக்கு 'ஊர்தல்' என்று பொருள். தரையோடு படரும் செடிதானே? 'ஊர்பூண்டு' என்பேன்.

புலவர் ஐயா:
வினைத்தொகை, வல்லினம் மிகவில்லை, இலக்கணம் சரி. ஆனால் அச்சகத்தார் ஒரு 'ப்' சேர்த்துவிட்டால் ஊர்ப்பூண்டாகி ரசத்துக்குப் போய்விடும். முன்பாதியைப் பாருங்கள். தைம் என்பதற்கு 'புகைத்துப் பலியிடுதல்' என்னும் கிரேக்க வினையை வேராகக் காட்டுவார்கள். புகையைக் குறிக்கும் இலத்தீன் 'ஃபூமுஸ்', வடமொழி 'தூமம்' எல்லாம் அதன் சுற்றம். நம் 'தூய்மை'யும் அங்கிருந்தே கிளைத்ததோ என்பது என் நெடுநாள் ஐயம். வேள்வியைக் குறிக்கும் ஓமத்தையும் சேர்த்து எண்ணுங்கள். 'புகைநாறி' பொருத்தமான பெயர்.

பள்ளி ஆசிரியை:
ஐயா, தூமமும் ஓமமும் வடசொற்கள். 'தூய்மை' ஒலியில் மட்டுமே ஒத்திருக்கிறது. அதை வைத்து உறவு கொண்டாட முடியாது. 'நாறி' என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

புலவர் ஐயா:
'கருப்பூரம் நாறுமோ கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் கேட்டபோது யாரும் மூக்கைப் பொத்தவில்லை அம்மா. பிள்ளைகளுக்கு நாச்சியார் திருமொழி சொல்லிக்கொடுப்பது ஆசிரியர் வேலை.

சமையல் எழுதும் அன்பர்:
கடையில் தைம் என்று சொல்லித்தான் வாங்குகிறேன். வேறு எந்தப் பெயர் சொன்னாலும் ஓமவல்லியை எடுத்து நீட்டுவார்கள். அதில் பஜ்ஜி நன்றாக வரும் என்பது வேறு விஷயம்.

தாவரவியல் ஆசிரியர்:
அப்படியானால் 'படர்தைம்'. பேரினப் பெயரைக் கடனாகவே வைத்துக்கொள்வோம்; அடைமொழி தமிழாக இருக்கட்டும். தோட்டத்துத் தைம் சிறு புதராக நிமிர்ந்து வளரும். அதிலிருந்து இதைப் பிரித்துக் காட்டவும் உதவும்.

பள்ளி ஆசிரியை:
படர்தைமுக்கு என் ஆதரவு.

சமையல் எழுதும் அன்பர்:
எனக்கும் சம்மதம். பஜ்ஜி நேரமாகிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. படர்தைம் என்றே அனுப்புகிறேன்.

புலவர் ஐயா:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'தைம்' என்று படிக்கும் பிள்ளை இதைத் தை மாதச் செடி என்றே நினைக்கும். அது பூப்பதோ கோடையில். மேலும், 'தூய்மை' பற்றி எழுப்பிய ஐயத்தை இன்னும் நான் கைவிடவில்லை. விரிவாகத் தனி மடல் எழுதுகிறேன்.