புதுப்பிப்பு: அத்தையின் இருமலும் உதிரும் கூரையும்

கார்த்திகை மழையில் இங்கே எழுதியிருந்தேன்: கடலூர் கடற்கரையோரத் தொகுப்பு வீட்டில் ஒரே அறையில் ஏழு பேர், கூரையிலிருந்து காரை விழுகிறது, அத்தைக்கு மூன்று வாரமாக இருமல் என்று. சளிப் பரிசோதனை செய்யச் சொன்னீர்கள். செய்தோம். காசநோய்தான்.

ஆறு மாத மாத்திரையில் நான்கு மாதம் முடிந்துவிட்டது. இருமல் நின்று, முகம் தெளிந்திருக்கிறது. மாத்திரை இலவசம், சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. மற்ற ஆறு பேருக்கும் நோயில்லை; தடுப்பு மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

வீடுதான் மாறவில்லை. கிருமி காற்றில் பரவுவது. காற்றோட்டமில்லாத அறையில் நெடுநேரம் தங்கும். அதனால் கொசுவுக்கு அஞ்சி அடைத்திருந்த பின் ஜன்னலைத் திறந்து வலை அடித்தோம். எங்களால் முடிந்தது அவ்வளவே. கூரைக்குள் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. அந்த அழுத்தத்தில் காரை வெடிக்கிறது. துருவைச் சுரண்டாமல் மேலே சிமெண்ட் பூசினால் அடுத்த ஐப்பசியில் மீண்டும் விழும். கூரையைச் சரிசெய்யக் கேட்டுக் கொடுத்த மனுவுக்குக் கிடைத்த பதில் 'பரிசீலனையில் உள்ளது' என்பதுதான். அந்தக் கூரைக்கடியில் குழந்தைகள் படுத்துத் தூங்குகிறார்கள்! என்னால் பொறுக்க முடியவில்லை. வரும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குத் தெருவின் பதினோரு வீட்டாரும் சேர்ந்தே போகிறோம்.