லண்டன்–பரிஸ்: ஆகாயத்தில் 50 நிமிடம், வழியில் 8 மணிநேரம்

லண்டனிலிருந்து பரிசுக்கு ஆகாய வழியில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர்தான். பரிசில் இருக்கும் அக்காவின் மகள், என் பெறாமகளின் அரங்கேற்றம் அங்கே பிற்பகல் 2 மணிக்கு. காலை 9.50 விமானம் 12.10க்கு இறங்கும் என்று ரிக்கற்றில் இருந்தது. அன்று காலையே புறப்பட்டால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

6 மணிக்குக் கிழக்கு லண்டன் ஈஸ்ட்ஹாமில் வீட்டைப் பூட்டினேன். ஹீத்ரோ விமான நிலையம் போய்ச் சேரவே ஒன்றே முக்கால் மணிநேரம். பைச் சோதனை, காத்திருப்பு எல்லாம் முடிந்து ஏறி உட்கார்ந்தால், ஓடுபாதைக்கும் வரிசை. மேலே எழும்பும்போது 10.15. பறந்தது 50 நிமிடம்தான், தேநீர் குடித்து முடிக்கவில்லை, இறங்குகிறோம் என்றார்கள். பரிஸ் நேரம் ஒரு மணிநேரம் முந்தியது என்பதால் அங்கே 12 தாண்டிவிட்டது. கடவுச்சீட்டு வரிசையில் ஒரு மணிநேரத்துக்கு மேல் போய்விட்டது. ஷார்ல் து கோல் விமான நிலையம் நகரிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பிறகு ரெயின், பிறகு பஸ். மண்டபத்துக்குள் நுழையும்போது 3 மணி. அலாரிப்பும் ஜதீஸ்வரமும் முடிந்து, வர்ணம் பாதியில் போய்க்கொண்டிருந்தது. பிள்ளையின் முதல் ஆட்டத்தை நான் பிறகு வீடியோவில்தான் பார்த்தேன். அது இன்னும் மனதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு பரிசுக்கு நான் யூரோஸ்டார் ரெயின்தான். தண்டவாளம் 490 கிலோமீட்டர் வரும், ஆகாய வழியைவிட நீளம். ஆனால் ஈஸ்ட்ஹாமிலிருந்து யூரோஸ்டார் புறப்படும் செயின்ட் பாங்கிராஸ் நிலையம் ஒரே ரெயினில் அரை மணிநேரம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டுச் சோதனையும் லண்டனிலேயே முடிந்துவிடும். ஒரு மணிநேரம் முந்திப் போய்விடுவேன். பயணம் 2 மணி 20 நிமிடம் அளவில். கெண்ட் வயல்கள், அப்புறம் 20 நிமிடம் இருட்டு. அதுதான் 1994இல் திறந்த கால்வாய்ச் சுரங்கம், 50 கிலோமீட்டரில் 38 கடலுக்கு அடியில். பரிசின் கார் து நோர் நிலையத்தில் இறங்கினால் எந்த வரிசையும் இல்லை, நேரே வெளியே நடக்கலாம். லா சப்பலில் நம்மவர் கடைகள் பக்கத்திலேயே. வாசலுக்கு வாசல் கணக்குப் பார்த்தால் நான்கரை மணிநேரத்துக்குள் அக்கா வீட்டில் இருப்பேன்.

கடைசி நேரத்தில் வாங்கினால் ரெயின் ரிக்கற் விலை கூடத்தான், அதனால் திகதி தெரிந்ததும் வாங்கிவிடுங்கள். நீஸ் மாதிரி 1,000 கிலோமீட்டர் தாண்டும் இடம் என்றால் நானும் விமானம்தான் எடுப்பேன். விசேஷத்துக்குப் பறந்துதான் போகவேண்டும் என்றால், தயவுசெய்து முதல்நாளே போய்விடுங்கள்.

இப்போதெல்லாம் சுரங்கத்தை விட்டு வெளியே வந்து பிரெஞ்சு சிக்னல் கிடைத்ததும் அக்காவுக்கு ஒரு செய்தி அனுப்புவேன். அதைப் பார்த்துத்தான் அவர் உலை வைப்பார்.