சத்தமா, இசையா என்று குழம்பிய ஒரு தருணம் சொல்லுங்கள்

பழைய சிடி:
ஓவல் என்ற ஜெர்மன் மின்னிசைக் குழுவைக் கேட்டவர்களுக்குப் புரியும். 1995இல் வந்த '94டிஸ்கான்ட்' ஆல்பம், முதல் துண்டே 24 நிமிடம். யாரும் எச்சரிக்கவில்லை. சிடி சிக்குகிறது என்று எழுந்து, வெளியே எடுத்து, சட்டை நுனியால் துடைத்துத் திரும்பப் போட்டேன். அதே டிக் டிக். மறுபடி துடைத்தேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது, சிக்குவதுதான் பாட்டே. சிடியில் வேண்டுமென்றே கிறுக்கி, பிளேயர் தடுமாறுவதைப் பிடித்துத் தாளம் கட்டியிருக்கிறார்கள். இப்போதும் ஏதாவது சிடி சிக்கினால் உடனே நிறுத்தக் கை வருவதில்லை.

ராத்திரி ஹெட்போன்:
எனக்கு அமெரிக்க மின்னிசைக்காரர் ஜேம்ஸ் ஃபெராரோ, 2011இல் வந்த 'ஃபார் சைட் வர்ச்சுவல்' ஆல்பம். நடுவில் ஸ்கைப் அழைப்புச் சத்தம் வரும் இல்லையா, சட்டென்று லேப்டாப்பைத் திறந்தேன். யாரும் இல்லை. மூன்று நாளாக யாருமே கூப்பிடவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவ்வளவுதான்.

மீதி:
பாட்டைச் சுருக்கி எம்பி3 ஆக்கும்போது கழிந்துபோவதை மட்டும் வைத்து இசையமைப்பாளர் ரையன் மக்வயர் ஒன்று செய்தாரே, சூசன் வேகாவின் 'டாம்ஸ் டைனர்' பாட்டை எடுத்து. அதைக் கேட்ட கையோடு, அப்பா பேசிய ஒரே பதிவில் நானும் செய்து பார்த்தேன். மூலம் ஒரு தடம், எம்பி3 இன்னொரு தடம், ஒன்றின் அலையை மேல்கீழாகப் புரட்டிச் சேர்த்தால் பொதுவானது அடிபட்டு மிச்சம் நிற்கும். வார்த்தை ஒன்றுகூடப் புரியவில்லை. ஆனால் கடைசியில் 'சரி, வைக்கட்டுமா' என்பாரே, அந்த 'ச'வும் அதற்கு முன் இழுக்கிற மூச்சும் மட்டும், தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி. இத்தனை வருஷம் நான் போட்டுக் கேட்டது எம்பி3யைத்தான்.

அலைவரிசை:
மீதி, நீங்கள் கேட்டது 'கழிந்த சத்தம்' இல்லை. எல்லோரும் இதைத் தப்பாகவே சொல்கிறார்கள். எம்பி3 மேல் அதிர்வெண்ணைக் கொஞ்சம் வெட்டும், சரி, ஆனால் மிச்சத்தில் பெரும்பகுதி எண்களைத் தோராயமாக்குவதால் வரும் பிழை, பக்கத்துப் பெரிய சத்தம் அதை மறைத்துவிடும் என்ற கணக்கு. அப்புறம், எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் கொஞ்சம் வெற்றிடம் சேரும், அதை நகர்த்தி ஒட்டினீர்களா? ஒரே ஒரு சாம்பிள் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளப்பதில் ஓர் அளவு) தள்ளியிருந்தாலும் கீழ்க்குரல் அடிபட்டுவிடும், 'ச' மாதிரிக் கூர்மையானது அடிபடாமல் நிற்கும். அலையைப் பெரிதாக்கி முதல் உச்சத்தை ஒட்டுங்கள், ஒலியளவு இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும், முடிந்தால் 320 கேபிபிஎஸ் (குறைவாகச் சுருக்கும்) எம்பி3யிலும் செய்து ஒப்பிடுங்கள். என் அனுபவமா? பெரிதாக ஒன்றுமில்லை, டயல்அப் மோடம் சத்தத்தை ரிங்டோனாக வைத்திருந்தேன்.

ராத்திரி ஹெட்போன்:
யாராவது கேட்டார்களா இதை?

மீதி:
ஒட்டிப் பார்த்தேன். ஒரு சாம்பிள் தள்ளித்தான் இருந்தது. 'ச' ஏறக்குறைய போய்விட்டது, மூச்சு இருக்கிறது. பழைய கோப்பை அழிக்கவில்லை.