தடவத் தடவப் பரவும் கரப்பான்: நோயா, மருந்தா?

பாலக்கோட்டான்:
அப்பாவுக்கு 65 வயசு. வெரிகோஸ் நரம்பால (கால்ல புடைச்சுச் சுருண்ட ரத்த நாளம்) கணுக்காலுக்கு மேல கரப்பான், அதாவது எக்சிமா. நியோமைசின்ங்கிற ஆன்டிபயாடிக்கும் பீட்டாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டும் கலந்த கிரீம் போட்டா ரெண்டு நாள் அரிப்பு அடங்குது. அப்புறம் தடவின இடத்தையும் தாண்டிச் சிவந்து நீர் கோக்குது. பிராமைசெட்டின் மாத்தியும் அதேதான். மருந்தே ஒத்துக்கலையா?

மருந்தாளுநர், காரிமங்கலம்:
நீங்க மருந்தை மாத்தவே இல்லைங்க. பிராமைசெட்டின்ங்கிறதே நியோமைசின் பி தான். ஜென்டாமைசினும் அதே குடும்பம், அதுக்குத் தாவாதீங்க. நியோமைசினே ஒவ்வாமை தரலாம்; கூட இருக்கிற ஸ்டீராய்டு அதை அமுக்கி வைக்கிறதால முதல்ல குணமான மாதிரி தெரியும். வெரிகோஸ் காலுக்கு இந்தத் தொல்லை அதிகம். வெடிச்ச தோல்ல மாசக்கணக்கா தடவித் துணியும் கட்டிடறோம்.

இன்னொண்ணு: கிரீம்ல தண்ணி இருக்கு, அதனால குளோரோகிரெசால், பாரபென் மாதிரி கெடாம காக்கிற பொருள் சேர்ப்பாங்க, அதுவும் ஒவ்வாமை தரலாம். ஆயின்ட்மென்ட்ல பெரும்பாலும் அது இருக்காது, ஆனா கம்பளிக் கொழுப்பு (லனோலின்) இருக்கலாம், அதுக்கும் ஒவ்வாமை உண்டு. ஒரே பெயர்ல வந்தாலும் ரெண்டும் வேற சரக்கு. உள்ள என்ன இருக்குன்னு பார்க்க அட்டைப்பெட்டி வேணும், தூக்கிப் போடாதீங்க. காது, கண் சொட்டு மருந்துலயும் நியோமைசின் இருக்கான்னு பாருங்க.

தோல்_ஓபி, கிருஷ்ணகிரி:
உறுதியாகத் தெரிய பேட்ச் டெஸ்ட்தான் வழி, அதாவது சந்தேகப்படும் பொருட்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் சோதனை. தோல் பிரிவில் எந்த நாளில் வைப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். திங்கட்கிழமை முதுகில் ஒட்டினால் புதன் எடுப்பார்கள், வெள்ளி மறுபடி பார்ப்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள், நியோமைசினும் ஸ்டீராய்டும் தாமதமாகக் காட்டலாம், அடுத்த திங்களும் முதுகைக் காட்ட வேண்டும். ஆம், ஸ்டீராய்டுக்கே ஒவ்வாமை வருவதுண்டு.

ஒட்டியதிலிருந்து கடைசியாகப் பார்க்கும் வரை முதுகு நனையக் கூடாது. சித்திரை வெயிலில் வியர்வைக்கு ஒட்டு கழன்றுவிடும், தள்ளிப்போட முடிந்தால் நல்லது. முதுகில் ஒரு வாரமாக ஸ்டீராய்டு தடவியிருக்கக் கூடாது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை நாளுக்கு 20 மி.கி.க்கு மேல் போனால் முடிவு பொய்யாக வரலாம். ஆனால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிய மருத்துவரைக் கேளுங்கள்.

கையில் ஒரு தடவை தடவி அரைமணி நேரம் பார்ப்பது வீண். இது இரண்டு மூன்று நாள் கழித்து வரும் ஒவ்வாமை.

பாலக்கோட்டான்:
அதுவரைக்கும் மஞ்சப் பத்து போடலாமா?

மருந்தாளுநர், காரிமங்கலம்:
வேணாம். மஞ்சளுக்கும் வேப்பெண்ணெய்க்கும் ஒவ்வாமை உண்டு, அப்புறம் எது காரணம்னே தெரியாது. அரை லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணில முக்கால் டீஸ்பூன் உப்பு போட்டு, துணி நனைச்சு 15 நிமிஷம் ஒத்தடம். மேல வாசனை இல்லாத வெள்ளை வாசலின். காய்ச்சலோ சீழோ வந்தா ஒரு நாளும் காத்திருக்காதீங்க.

தோல்_ஓபி, கிருஷ்ணகிரி:
வெரிகோஸ் காலுக்கு அழுத்தக் கட்டு (இறுக்கிச் சுற்றும் துணி) போடும் முன் பாதத்து நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் போகாத காலில் இறுக்கினால் விபரீதம். கட்டுத் துணியிலேயே ரப்பர் இருந்தால் அதுவும் சந்தேகப் பட்டியலில்தான்.