அப்பம்மா வீடு 🥭 (குடும்பக் குழு)

நான்: இரவு கச்சான் காற்றில் கிணற்றடிக் கொழும்பான் மாமரம் கொட்டிவிட்டது. இரண்டு யூரியாப் பை. முக்கால்வாசி கன்றிய பழம், நாளைக்குத் தாங்காது. யாருக்கு வேண்டும்?

தம்பி: போன வருடம் தின்றதே இன்னும் செமிக்கவில்லை

அம்மா: ஜாம் காய்ச்சலாம் என்றால் காஸ் நேற்றுத்தான் முடிந்தது

கனடா அக்கா: காய்ச்சவே தேவையில்லை அம்மா. ஒவ்வொரு ஜூனும் ஸ்ட்ரோபெரியில் செய்கிறேன். கன்றிய இடத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பழத்தை முள்ளுக்கரண்டியால் மசியுங்கள், மிக்சியில் அடித்தால் ஜூஸ்தான். 1½ கப் சீனியில் 45 கிராம் பெக்டின் (ஜாமை இறுகவைக்கும் தூள்) பாக்கெட்டை முதலே கலந்துகொண்டு, அதில் 4 கப் மசித்த பழத்தைக் கொட்டி 3 நிமிடம் விடாமல் கிளற வேண்டும். டப்பாவில் ஒரு விரல் இடம் விட்டு ஊற்றுங்கள், உறையும்போது பொங்கும். அரை மணி வெளியே வைத்துவிட்டு ஃப்ரீசருக்குள். 1 வருடம் கிடக்கும். பிரிட்ஜுக்கு இறக்கினால் 3 கிழமை. சாதாரண பெக்டின் சரிவராது, அதைத் தண்ணீரில் கொதிக்கவைக்க வேண்டும். நான் தந்தது காய்ச்சாத ஜாமுக்கென்றே விற்பது

அம்மா: எப்போது தந்தாய்

கனடா அக்கா: போன ஆடியில்! மஞ்சள் பாக்கெட் இரண்டு!

அம்மா: அதுவா. கஸ்டர்ட் மா என்று மச்சாளிடம் கொடுத்தேனே

உவர்மலை மாமி: திகதி போய்விட்டது. எறிந்தாயிற்று

தம்பி: 🤐

பெரியப்பா: தண்ணீர் மோட்டார் திருத்துகிற பையனின் நம்பர் யாரிடம் இருக்கிறது

உவர்மலை மாமி: விளாம்பழம் சேருங்கள், தானாக இறுகும்

கனடா அக்கா: காய்ச்சினால் இறுகும் மாமி. பச்சையாகப் போட்டு இறுகுமென்று எனக்கு நம்பிக்கையில்லை

தம்பி: ஜெலற்றின்? வீட்டில் இருக்கிறது

கனடா அக்கா: அன்னாசி, பப்பாசியைப் பச்சையாகப் போட்டால் ஜெலற்றின் உறையவே உறையாது. மாம்பழத்திலும் இழுபறிதான். சீனியும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக் கூழாகவே வையுங்கள். ஓடும், ஆனால் பாணில் பூசலாம்

நான்: இவ்வளவையும் எங்கே வைப்பது? எங்கள் ஐஸ்பெட்டியில் இரண்டு டப்பாதான் கொள்ளும்

தம்பி: அப்பம்மாவின் பெரிய ஃப்ரீசர் ஒன்று இருந்ததே 👀

உவர்மலை மாமி: அது எங்கள் அம்மா என் கையில் தந்தது

அம்மா: நான் வாயே திறக்கவில்லை மச்சாள்

உவர்மலை மாமி: அதில் இப்போது 12 கிலோ சூரை கிடக்கிறது

தம்பி: சூரை ஜாம் 😂

பெரியப்பா: சீனி எவ்வளவு என்றாய்

கனடா அக்கா: நீங்கள் தொடக்கூடாது பெரியப்பா

பெரியப்பா: சும்மா கேட்டேன். மோட்டார்?

நான்: நாளைக்கு யார் சீனி கொண்டுவருவது?

அம்மா: பையில் எறும்பு ஏறிவிட்டது. முதலில் யாராவது வந்து தூக்குங்கள்

உவர்மலை மாமி: இரவைக்கு மீன் குழம்பு வைக்கிறேன். ஒரு மூலை காலியாகும். மூடி இறுக்கமான டப்பா மட்டும் கொண்டுவாருங்கள், பிறகு மீன் மணக்கிறது என்று எனக்குச் சொல்லக்கூடாது

தம்பி: குழம்புக்கு நான் வருகிறேன்

பெரியப்பா: மோட்டார் பையனின் நம்பர்??